இரண்டு வாசனைகள்

அகில் கட்டையிலிருந்து வடிக்கப்படும் அத்தரை அரபு நாட்டினர் ‘ஊத்’ என்பர். நம் நாட்டில் அஸ்ஸாமின் ஹோஜாய் அதன் வாணிகத்திற்குப் பெயர் பெற்ற ஊர். அஸ்ஸாம் வகை புகையையும் பதனிட்ட தோலையும் மாட்டுத் தொழுவத்தையும் நினைவூட்டும். கம்போடிய வகையில் கனிந்த பழத்தின் இனிமை உண்டு. ஆயினும் வீரியத்தில் அது குறைந்ததன்று. இவ்விரண்டில் எதை வாங்குவது என்று தெரியாமல் பல நாட்கள் தவித்ததாக இளைஞர் ஒருவர் கூறினார். பிறகு தயங்கியவாறு, “இதையே முடிவு செய்ய இயலாத நான் வாழ்க்கையில் எதைத் தீர்மானிக்கப் போகிறேன், சுவாமி?” என்று கேட்டார். முதல் கேள்விக்குச் சிரித்துவிடலாம். இரண்டாவதற்கு அப்படிச் சிரிக்க இயலாது.

கடோபநிஷதம் சிரேயஸையும் பிரேயஸையும் பிரித்துக் காட்டுகிறது. முன்னது நன்மை தருவது. பின்னது இன்பம் தருவது. இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்கவே விவேகம் வேண்டும். ஆனால் அந்த இளைஞர் முன் இருந்தவை இரண்டும் பிரேயஸே. அங்கே விவேகத்திற்கு வேலை இல்லை. வேலை இல்லாத இடத்தில் அதை நிறுத்தி வைத்து, அது தடுமாறுகிறதே என்று வருந்துவானேன்?

‘மிகச் சிறந்தது’ என்னும் தன்மை புட்டிக்குள் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய மீன்காரியின் கதை அன்பர்கள் அறிந்ததே. மலர் மணம் நிறைந்த அறையில் அவளுக்கு உறக்கம் வரவில்லை. மீன் கூடையில் நீர் தெளித்து அருகில் வைத்துக்கொண்ட பிறகே உறங்கினாள். தமிழில் ‘வாசனை’ என்பது நறுமணத்தையும் குறிக்கிறது, மனத்தில் படிந்த பழைய பதிவையும் குறிக்கிறது. பொருத்தமான சொல்தான்! தொழுவத்தருகே வளர்ந்தவருக்கு அஸ்ஸாம் அத்தர் பிறந்த வீடாகத் தோன்றலாம்; மற்றொருவர் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். மேலும், காட்டமான ஒன்றை முகர்ந்த நாசி சிறிது நேரத்தில் மழுங்கிவிடுகிறது. அடுத்ததை முகரும்போது தீர்ப்புக் கூறுவது அந்த மழுங்கிய நாசியே. ஆகவே பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு விரைவில் வெளியேறுவதே நல்லது. அதில் தோல்வியும் இல்லை, வெற்றியும் இல்லை.

சிரேயஸ் வேறிடத்தில் காத்திருக்கிறது. நோயற்ற அகில் மரத்தின் கட்டை வெளிறியது, அதற்கு மணமில்லை. புழு துளைத்து, பூஞ்சை புகுந்த பிறகு, மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினே இந்த மணம். அஸ்ஸாமில் இதைச் சாஞ்சி என்பர்; அங்குள்ள வைணவ சத்திரங்களில் பாகவதச் சுவடிகள் இதன் பட்டையில் எழுதப்பட்டன. காடுகளில் வெட்டி வெட்டி இம்மரம் அருகிப் போனதால், அரிய உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 1995-ல் இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. எனவே வாங்குபவர் கேட்க வேண்டியது, இது தோட்டத்தில் வளர்த்த மரமா, காட்டில் திருடியதா என்பதையே.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரு துளி ஊத் நாள் முழுவதும் நிற்கும். பூசியவருக்கு அது பழகி மறந்துவிடும், அருகில் இருப்பவருக்கு மறக்காது. தியான மண்டபத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் முதியவர் மூச்சுத் திணறி எழுந்து போகக்கூடும். அஸ்ஸாம் வகையானாலும் கம்போடிய வகையானாலும் இக்கேள்வி பொதுவே.