வாசல் சீட்டு

எட்டுப் பேர், நான்கு நாள், நான்கு மைதானங்கள். ஆண்டுக்கொரு முறை நண்பர்கள் சேர்ந்து போகும் கோல்ஃப் பயணத்துக்கு எக்ஸெல் தாள் போடும் வேலை என் தலையில்தான் விழும். தொழிலிலும் நான் செய்வது இதைத்தான். பிறருடைய திட்டங்களுக்கு அட்டவணை போட்டுக்கொடுக்கிறேன், தாமதமானால் ஏன் தாமதம் என்று அழகாக விளக்குகிறேன், சம்பளம் வருகிறது.

முதுகலை படிக்க அமெரிக்கா வந்த காலத்தில் கோல்ஃப் என்றால் எனக்குச் சிரிப்புதான். புல்வெளியில் வெள்ளைப் பந்தைத் தொலைத்துவிட்டுத் தேடும் பணக்காரர்கள். பிறகு வாடிக்கையாளர் ஒருவர் ஒரு சனிக்கிழமை அழைத்துப்போனார். பதினேழு குழிகளில் அவமானப்பட்டு, பதினெட்டாவதில் தற்செயலாக ஒரு அடி சரியாக விழுந்தது. அந்த ஓசைக்காகத்தான் பதினைந்து வருடமாகக் காசைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். விளையாடுகிறவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

இந்த வருடம் ஹில்டன் ஹெட். தென் கரோலினாவின் கரையோரத் தீவு. சார்லட்டிலிருந்து காரில் நான்கு மணி நேரம் சொச்சம். ஏப்ரலில் பெரிய தொழில்முறைப் போட்டி அங்கே நடப்பதால் அப்போது விலை வானத்தில் இருக்கும். கோடையில் புழுக்கம். கோடை முடியும் தறுவாயில் கிரீன்களில் துளை போட்டு மணல் இறைத்திருப்பார்கள், பந்து உருளாது. ஆக, அக்டோபர் நடுப்பகுதி. பால்மெட்டோ டூன்ஸில் மூன்று மைதானங்கள், கட்டணம் தாங்கக்கூடியது. ஆனால் எல்லோருக்கும் கண் ஹார்பர் டவுன் மீதுதான். பீட் டையும் ஜாக் நிக்லஸும் சேர்ந்து வடிவமைத்து 1969இல் திறந்தது. அந்த ஆண்டு அங்கே நடந்த முதல் போட்டியில் ஆர்னால்ட் பாமர் வென்றார். கடைசிக் குழி கடல் கழியை ஒட்டி ஓடும், எதிரே சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம். சீசனில் ஒரு சுற்றுக்கு 400 டாலருக்கு மேல். மூன்றாம் நாளை அதற்கு ஒதுக்கினேன்.

வாடகைக்கு எடுக்கப்போகும் வீட்டிலிருந்து மைதானத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று பார்க்கச் செயற்கைக்கோள் வரைபடத்தைப் பெரிதாக்கினேன். பதினெட்டாவது குழிக்குப் பக்கத்தில், வில்லாக்களுக்கு நடுவே, மரங்கள் அடர்ந்த ஒரு சிறு துண்டு. அதன் மேல் எழுதியிருந்தது: பிராடக்ஸ் பாயின்ட் கல்லறை.

அது கல்லா கீச்சி மக்களின் கல்லறை. (நம்மூர்க் கடையின் கல்லாப்பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, படிக்காதவர் என்ற பொருளில் வரும் கல்லாவும் இல்லை. அது எவ்வளவு பொருந்தாது என்பது கொஞ்சம் கீழே.) மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, இந்தத் தீவுகளின் நெல், பருத்தித் தோட்டங்களில் உழைத்தவர்களின் வழிவந்தவர்கள். தமக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறார்கள். வெகுகாலம் அதைக் கொச்சை ஆங்கிலம் என்று எல்லோரும் ஒதுக்கினார்கள். லொரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் 1949இல் ஒரு புத்தகம் எழுதி அதன் ஆப்பிரிக்க வேர்களைக் காட்டிய பிறகுதான் வாய்கள் மூடின. அந்த மொழியில் இரண்டு சொற்கள் உண்டு: 'பின்யா', 'கம்யா'. இங்கேயே இருந்தவர், வந்து சேர்ந்தவர். வந்தேறி என்ற சொல் எங்கள் ஊர் அரசியலில் எப்படிப் புழங்குகிறது என்று தெரிந்தவன் நான். இங்கே எனக்கும் அதே பெயர்தான் என்று படித்தபோது லேசாக உறைத்தது.

1861 நவம்பரில் வடக்குப் படை ஹில்டன் ஹெட்டைப் பிடித்தது. தோட்ட முதலாளிகள் ஓடினார்கள், அடிமைகள் ஓடவில்லை. அடுத்த ஆண்டே அங்கே மிச்சல்வில் என்ற ஊர் எழுந்தது. விடுபட்ட கறுப்பின மக்கள் தாமே நடத்திய ஊர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதை அது கட்டாயமாக்கியது. போர் முடிந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கினார்கள். அடுத்த தொண்ணூறு ஆண்டு விவசாயம், மீன், சிப்பி. விளைந்ததைப் படகில் ஏற்றிச் சவானாவில் விற்றார்கள். 1956இல் பாலம் வந்தது. சார்ல்ஸ் ஃபிரேசர் என்பவர் தீவின் தென்முனையில் சீ பைன்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். அதன் பெயரோடு பிளான்டேஷன் என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார். அடிமைத் தோட்டத்துக்கும் அதே சொல்தான்.

இங்கே நான் நியாயமாக இருக்க வேண்டும். ஃபிரேசர் துப்பாக்கி காட்டி யாரையும் விரட்டவில்லை. அந்தத் தென்முனையில் பெரும்பகுதி வடக்கத்திப் பணக்காரர்களின் வேட்டைக்காடாகவும் பிறகு மரக் கம்பெனியின் சொத்தாகவும் ஏற்கனவே கைமாறியிருந்தது. கல்லா குடும்பங்கள் நிலத்தை இழந்தது பெரும்பாலும் அதற்குப் பிறகு, சட்டப்படி, கையெழுத்துப் போட்டு. அதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி.

நடந்தது இப்படி. தாத்தா உயில் எழுதாமல் இறக்கிறார். வெள்ளைக்காரர்களின் நீதிமன்றத்தை அவர் நம்பியிருந்தால்தானே எழுதுவதற்கு! நிலம் எல்லா வாரிசுகளுக்கும் பிரிக்காத பொதுச் சொத்தாகிறது. மூன்று தலைமுறையில் நாற்பது பங்காளிகள். அதில் ஒருவர் நியூயார்க்கில் இருக்கிறார், தீவைப் பார்த்ததே இல்லை. ஒரு கம்பெனி அவருடைய பங்கை வாங்குகிறது. இப்போது கம்பெனியும் ஒரு பங்காளி. நீதிமன்றத்தில் போய்ப் பாகப்பிரிவினை கேட்கிறது. நாற்பதாகப் பிரிக்க முடியாது என்று முழு நிலமும் ஏலத்துக்கு வருகிறது. ஏலத்தில் யாரிடம் காசு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வழக்கில் சிக்காதவர்களை வரி பார்த்துக்கொண்டது. பக்கத்தில் ரிசார்ட் வந்தால் சோளம் போட்ட நிலத்துக்கும் மதிப்பு ஏறும், வரியும் ஏறும். இந்த ஏல ஓட்டையை ஓரளவு அடைக்கும் சட்டம் தென் கரோலினாவில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. கூட்டுப் பட்டாவின் கதை தெரிந்த எந்தத் தமிழனுக்கும் இதை இரண்டாம் தடவை விளக்க வேண்டியதில்லை.

கல்லா மக்கள் இறந்தவர்களை நீரோரமாகப் புதைப்பது வழக்கம். ஆன்மா தண்ணீர் வழியே ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் என்ற நம்பிக்கை. கல்லறை மேல் கிளிஞ்சல்களும் இறந்தவர் பயன்படுத்திய பீங்கானும் வைப்பார்கள். இறந்தவர்களுக்கென்று அவர்கள் தேர்ந்த இடம்தான் பிறகு தீவிலேயே விலை கூடிய இடமானது. பிராடக்ஸ் பாயின்ட் இப்போது காவல் வாசலுக்கு உள்ளே இருக்கிறது.

இதையெல்லாம் யாழ்ப்பாண நண்பனிடம் சொன்னேன். எட்டுப் பேரில் அவன்தான் நன்றாக ஆடுவான். சொந்த ஊர் காங்கேசன்துறை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ராணுவத்திடம் இருந்தது. பிறகு துண்டு துண்டாகக் கொஞ்சம் விட்டார்கள். அந்தக் கடற்கரையில் ராணுவம் ஒரு விடுமுறை விடுதியும் நடத்துகிறது.

"அந்த ரிசார்ட்ல ஒரு நைட் தங்குவியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"செத்தாலும் தங்கமாட்டன்."

அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி லண்டனிலிருந்து குடும்பத்தோடு போய் அங்கே தங்கிப் படம் போட்டிருக்கிறான். பிள்ளைகளுக்கு ஊர்க் கடலைக் காட்ட வேண்டும், வேறு வசதியான இடம் கிடைக்கவில்லை, காசு கொடுத்துத்தானே தங்கினோம், நாங்கள் தங்காவிட்டால் வேறு யாராவது தங்குவார்கள். இப்படியெல்லாம் சொன்னானாம். இரண்டு வருடமாக இருவரும் பேசுவதில்லை.

சொல்லி முடித்தபிறகுதான் அவனுக்கு நான் கேட்டதன் பொருள் புரிந்தது. "அதுவும் இதுவும் ஒண்டில்லை, மச்சான்" என்றான். ஆனால் குரலில் உறுதி இல்லை.

ஒன்றில்லைதான். அங்கே துவக்கு, இங்கே பத்திரம். அங்கே இழந்தது இவனுடைய வீடு, இங்கே யாருடையதோ. இரண்டாவது வித்தியாசம் ஒரு நியாயமே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். முதலாவது கொஞ்சம் வலுவானது. ஆனால் விடுதியில் அறை எடுப்பவன் துவக்கும் தூக்கவில்லை, பத்திரமும் எழுதவில்லை. அவன் செய்வதெல்லாம் கடன் அட்டையை நீட்டுவது. அந்த ஒரே வேலையைத்தான் நானும் செய்யப்போகிறேன்.

கார்ல் யாஸ்பர்ஸ் 1946இல் ஜெர்மானியர்களின் குற்றத்தைப் பற்றி எழுதியபோது அதை நான்காகப் பிரித்தார்: சட்டத்துக்கு முன் குற்றம், ஒரு அரசின் குடிமகனாகச் சுமக்கும் குற்றம், மனசாட்சிக்கு முன் குற்றம், சக மனிதன் சாகத் தான் உயிரோடு இருப்பதாலேயே வரும் குற்றம். மாணவனாக இருந்தபோது படித்தேன். இப்போது அந்தப் பட்டியலை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சுற்றுலாப் பயணிக்கென்று தனியாக ஒரு கட்டம் இல்லை. எல்லாம் முடிந்து, புல் வளர்ந்து, சீராக வெட்டப்பட்டபின் வந்து சேர்கிற வாடிக்கையாளன் எந்தக் கட்டத்தில் வருவான்?

இரண்டு நாள் யோசித்து ஒரு விடை கண்டுபிடித்தேன், மென்பொருள்காரனுக்கே உரிய விடை. விவகாரம் இன்னும் முடியாத இடத்தில் என் காசு ஒரு வாக்கு. முடிந்த இடத்தில் அது வெறும் காசு. பக்கத்திலேயே செயின்ட் ஹெலீனா தீவு இருக்கிறது. ஹில்டன் ஹெட்டைப் பார்த்துப் பாடம் படித்த கல்லா மக்கள், காவல் வாசல் குடியிருப்புகளும் கோல்ஃப் மைதானங்களும் வரக்கூடாது என்று 1999இலேயே மாவட்ட விதி ஒன்று வருவதற்குக் காரணமாக இருந்தார்கள். அங்கே பைன் தீவில் மைதானம் கட்ட ஒருவர் முயன்றபோது கூட்டம் கூட்டமாகப் போய் எதிர்த்தார்கள். 2023இல் மாவட்ட சபை விதியைத் தளர்த்த மறுத்தது. நாளை அங்கே மைதானம் வந்தால் நான் ஆடக்கூடாது, அது தெளிவு. காங்கேசன்துறையிலும் விவகாரம் முடியவில்லை, ஆகவே நண்பன் அங்கே தங்க மறுப்பது சரி. ஹில்டன் ஹெட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. போகலாம், ஆடலாம், கல்லறையில் ஐந்து நிமிடம் தொப்பியைக் கழற்றி நிற்கலாம்.

நண்பனிடம் பெருமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப ஆமி இன்னும் அம்பது வருசம் வச்சிருந்தா காணி அவைக்கே எண்டு சொல்லுறாய், என்ன?" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. என் விதிப்படி, எடுத்துக்கொண்டவன் பொறுமையாக இருந்தால் போதும். எடுத்தது எவ்வளவு முழுமையோ அவ்வளவுக்குப் பின்னால் வருகிறவனின் மனம் லேசாகும். இழந்தவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்வரைதான் எனக்குக் கடமை. களைத்து ஓய்ந்துவிட்டால் விடுமுறை. இதை ஒரு நீதி என்று சொல்ல நா எழவில்லை.

இன்னொன்றும் பொய். ஹில்டன் ஹெட்டில் முடிந்துவிட்டது என்று நான் சொன்னேனே, யார் முடித்தது? அங்கே கல்லா குடும்பங்கள் இன்றும் இருக்கிறார்கள், மிஞ்சிய நிலத்துக்காக வரி அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்கிறார்கள். பாட்டன் பாட்டியின் கல்லறைக்குப் போக வேண்டுமென்றால் காவல் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். அந்த வாசல் பழங்கதை இல்லை. நேற்றும் திறந்து மூடியது. அங்கே நிற்கும் காவலரின் சம்பளம் ஏதோ ஒரு வழியில் எங்கள் வாடகைக்குள் இருக்கிறது. வீடு பதிவானதும் காரின் முன்கண்ணாடியில் வைப்பதற்கு ஒரு வாசல் சீட்டு தருவார்கள். நேற்று வந்த கம்யா எனக்கு அது மின்னஞ்சலில் வீடு தேடி வரும்.

போகாமல் இருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அந்த நேரத்தை வேறு நான்கு பேர் ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொள்வார்கள். விடுதிகளில் படுக்கை விரிப்பவர்களுக்கு என் புறக்கணிப்பால் நயா பைசா லாபமில்லை. ஆனால் இதே வாதத்தை லண்டன் தம்பி சொன்னபோது நாங்கள் அதை ஏற்கவில்லை. விளைவு ஒன்றுமில்லை என்பதால் செயல் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. நண்பன் அந்த விடுதியில் தங்காததால் ராணுவத்துக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை. அது அவனுக்கே தெரியும். அவன் மறுப்பது கணக்குப் பார்த்து இல்லை. அந்த அறையின் ஜன்னல் வழியே கடலைப் பார்க்கிற ஆளாகத் தன்னை அவனால் நினைத்துப்பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். என்னால் அந்தப் பதினெட்டாவது குழியில் என்னை நினைத்துப்பார்க்க முடிகிறது. நன்றாகவே முடிகிறது, கலங்கரை விளக்கத்தோடு. எனக்கு உறுத்துவது இதுதான்.

விஷயத்தை வாட்ஸப் குழுவில் போட்டேன். பாதிப் பேர் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். ஒருவன், "பந்து கல்லறையில விழுந்தா பெனால்டி உண்டா?" என்று கேட்டான். சிரிப்பு வந்தது, சிரித்தேன். அப்புறம் அதை நண்பன் படித்திருப்பானே என்று நினைத்துச் சங்கடமாக இருந்தது.

அவன் இரவு தனியாகச் செய்தி அனுப்பினான். மூன்றாம் நாள் தனக்கு டீ டைம் வேண்டாம். காரை எடுத்துக்கொண்டு செயின்ட் ஹெலீனா போகப்போகிறான். விடுதலை பெற்றவர்களுக்காக 1862இல் தொடங்கிய பென் பள்ளியின் வளாகம் அங்கே இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டுமாம். மற்ற மூன்று நாளும் ஆடுவானாம். "அதென்ன கணக்கு?" என்று கேட்டேன். "கணக்கு உன்ரை வேலை" என்று எழுதினான். லண்டன் தம்பியோடு பேசினானா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

எக்ஸெல் தாளில் மூன்றாம் நாளுக்கு இப்போது ஏழு பெயர்கள். கோல்ஃபில் ஏழு பேர் என்றால் நான்கும் மூன்றும். மூன்று பேர் குழுவில் முன்பின் தெரியாத யாரையாவது சேர்த்துவிடுவார்கள். அந்த மூன்று பெயரில் கடைசியாக என் பெயர் இருக்கிறது. முன்பணத்தை இழக்காமல் ரத்து செய்ய வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை நேரம் இருக்கிறது. இன்றைக்குப் புதன்.