வியாசரிடம் மனம் திறந்த குந்தி

பாரதப் போர் முடிந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு, திருதராஷ்டிரனோடும் காந்தாரியோடும் வனம் புகுந்தாள் குந்திதேவி. பிள்ளைகள் கெஞ்சியும் திரும்பவில்லை. மரவுரி, விரதம், தவம்... ஆனாலும் நெஞ்சில் ஒரு பாரம். கன்னியாக ஈன்று, ஆற்றில் விட்ட கர்ணன்!

பாண்டவர்கள் தாயைக் காண வந்த சமயம், வியாசரும் அங்கே எழுந்தருளினார். ‘மனதில் உள்ளதைச் சொல்லம்மா’ என்றார். முதுமையில் தளர்ந்த அந்தத் தாய், அனைவர் முன்னிலையிலும் தன் பிழையைச் சொல்லி, மகனைக் காண வேண்டினாள். அன்றிரவு, மாண்டவர்கள் கங்கையிலிருந்து எழுந்து வந்தார்கள். அண்ணன் கர்ணனோடு தம்பிகள் பகை மறந்து கூடினார்கள்.

சகோதரிகளே! நமக்காகக் கங்கையிலிருந்து யாரும் எழுந்து வரப்போவதில்லை. நாம் பேசாமல் விட்ட நாத்தனாரோ ஓரகத்தியோ இன்று உயிரோடு இருக்கிறார். மாலை விளக்கேற்றியதும் அவரிடம் பேசுங்கள். ‘தப்பு என் மேலதான்’ என்று தொடங்குங்கள்.