கலமும் கைத்தலமும்



இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. புறப்பற்று பத்து, அகப்பற்று பதினான்கு என நம் ஆசாரியர்கள் வகுத்தனர். நிலம், மனை, தனம், தானியம் என எண்ணிவரும் புறப்பற்றின் கடையில் பாண்டம் நிற்கிறது. உண்ணவும் பருகவும் உதவும் எளிய கலத்தையும் பெரியோர் ஏன் எண்ணினர்?

கொரிய நாட்டுக் கிண்ணம் ஒன்றின் வரலாறு விடை கூறும். 16ஆம் நூற்றாண்டில் பெயரறியாக் குயவர் வனைந்த எளிய மட்கலம் அது. ஜப்பானியரோ அதனைத் தேநீர்க் கிண்ணமாக்கிப் பெருஞ்செல்வமெனப் போற்றினர். கிசாயெமோன் என்னும் வணிகர், வறுமையுற்றும் அதனை விற்க மனமின்றி, உடலெங்கும் கட்டிகள் கண்டு மாண்டார் என்பர். பின்னர் அதனை வாங்கிய மட்சுதைரா புமாய் என்னும் சிற்றரசரையும் அந்நோய் பற்றியதாம். துணைவியார் வேண்டியும் அவர் அதனைக் கைவிடவில்லையாம். அவர் 1818இல் மறைந்தபின் கியோட்டோ நகரத் துறவியர் மடத்தை அக்கிண்ணம் அடைந்தது. இன்று அது ஜப்பானின் தேசியச் செல்வம்.

கிண்ணத்தின் சாபம் என்றனர் மக்கள். நாம் அவ்வாறு கொள்ளலாகாது. கிண்ணம் அசீவம், அதற்கு விருப்பும் வெறுப்பும் இல்லை. "எனது" என்னும் மயக்கமே உயிரை வினையால் பிணிக்கிறது. அம்மயக்கமே பரிக்கிரகம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் துணிபு.

பற்று தனித்து வாராது. இம்சையையும் உடன் அழைத்துவரும். 1592 முதல் 1598 வரை ஜப்பானியப் படைகள் கொரியாவில் போரிட்டபோது குயவர் பலரைச் சிறைப்பிடித்துக் கடல் கடந்து கொண்டுசென்றன. கலத்தை விரும்பியோர், கலம் வனைந்த கைகளையும் கவர்ந்தனர்.

பனமலை அன்பர்கள் செஞ்சிக்குச் செல்லும்போது திருநாதர்குன்றைத் தரிசியுங்கள். இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தாங்கிய அக்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் நோன்பிருந்து உடல் நீத்ததைக் கல்வெட்டு உரைக்கிறது. நம் திகம்பர முனிவர்க்கு உண்கலமே இல்லை, கைத்தலமே கலம். தூய்மைக்கு நீர்க் கமண்டலம், சிற்றுயிர் காக்க மயிற்பீலி. வேறு உடைமை அறியார். அக்கையில் ஏற்கும் உணவையும் இறுதியில் துறந்தவர் சந்திரநந்தி.

இல்லறத்தாரைக் கலமே வேண்டாவென அறம் பணிக்கவில்லை. அளவு வகுத்துக்கொள்ளப் பணிக்கிறது. பழங்கலத்தின் அழகைக் கண்டு மகிழ்தல் குற்றமன்று. அதனைத் தனதாக்கத் தவித்தலே தளை. தாய்வீட்டு வெண்கலப் பானைக்காக உடன்பிறந்தார் பேசாதிருக்கும் இல்லங்கள் நம்மிடையேயும் உண்டல்லவா? அன்னை அன்னமிட்ட பானை, அவர் மக்களைப் பிரிக்கலாமா?

இன்றே பரணில் உள்ளவற்றை எண்ணுங்கள். தேவைக்கு ஓர் அளவு குறியுங்கள். எஞ்சியவற்றைச் சினாலயத்து மடைப்பள்ளிக்கோ, இல்லாத இல்லத்திற்கோ ஈயுங்கள். கலம் குறையும், மனம் நிறையும்.

வாழ்க அருகன் அறம்!