நினைவு அறிவாகுமா?

ஒருமுறை அறிந்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது அறிவாகுமா என்பது இந்தியத் தருக்க மரபில் நெடுங்காலம் வாதிடப்பட்ட வினா. பிஎச்பி என்ற நிரல்மொழி 2013இல் தன் மையத்துக்குள் ஒரு கேஷை, அதாவது ஒருமுறை செய்ததை நினைவில் வைத்திருந்து மீண்டும் தரும் பகுதியை, சேர்த்துக்கொண்டபோது, அதே வினா கணினிக்குள் எழுந்தது.

பிஎச்பியின் இயல்பு மறதி. யாரேனும் ஒரு பக்கத்தைக் கேட்டால், சர்வர் அதற்குரிய கோப்பைப் படித்து, இலக்கணம் பார்த்து, ஓப்கோடு எனப்படும் சிறு கட்டளைகளாக மாற்றி இயக்கும். பக்கம் போய்ச் சேர்ந்ததும் அக்கட்டளைகள் அழிந்துவிடும். மறுநொடியே இன்னொருவர் கேட்டாலும் எல்லாம் முதலிலிருந்து நடக்கும். இந்த உழைப்பை மிச்சப்படுத்த, ஓப்கோடுகளைப் பொது நினைவகத்தில் வைத்திருந்து எல்லோருக்கும் பயன்படுத்தும் கருவிகள் தனியே உருவாயின. அவற்றுள் ஜெண்ட் ஆப்டிமைசர் பிளஸ் மூடிய நிரலாக இருந்தது. ஜெண்ட் நிறுவனம் 2013இல் அதன் மூலநிரலைத் திறந்து கொடுத்தது. அவ்வாண்டு ஜூனில் வெளிவந்த பிஎச்பி 5.5உடன் அது ஓப்கேஷ் என்ற பெயரில் இணைந்தது.

தருக்க மரபுக்கு வருவோம். நியாயப் பள்ளியைச் சேர்ந்த நையாயிகர் நினைவைப் பிரமாணமாக, அதாவது சரியான அறிவைத் தரும் வழியாக, ஏற்பதில்லை. நினைவு அப்போதுள்ள பொருளிலிருந்து பிறப்பதில்லை என்றார் அப்பள்ளியின் ஜயந்த பட்டர். முன் அனுபவத்தைச் சார்ந்தே நிற்பதால் அதற்குத் தனி உரிமை இல்லை என்றார் அதே பள்ளியின் உதயனர். சுடாத கரிய குடம் சூளையில் சிவந்த பின்னும், முன்பு பார்த்தவன் நினைவில் அது கருப்பாகவே இருக்கும். நினைவில் பிழையில்லை, குடம்தான் மாறிவிட்டது.

ஓப்கேஷிலும் இதுவே நேரும். ஒரு கோப்பில் ‘விலை 100 ரூபாய்’ என்ற வரி 120 என்று திருத்தப்படுவதாகக் கொள்வோம். கேஷ் உடனே அதை அறியாது. கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை அது 2 நொடிக்கு ஒருமுறை பார்க்கும்படியே இயல்பாக அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளியில் வருபவருக்கு 100 என்றே காட்டும். நேரம் மாறியிருப்பதைக் கண்டதும் பழைய ஓப்கோடுகளை விட்டுக் கோப்பைப் புதிதாகப் படிக்கும்.

சமணத் தருக்க நூலார் நினைவையும் பிரமாணமாக ஏற்றனர். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு நினைவில் இல்லாதவனால் புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்க முடியாது. நினைவைத் தள்ளினால் அனுமானமும் வீழும் என்பது அவர்கள் வாதம். கொடுக்கல் வாங்கலும் கல்வியும் நினைவை நம்பியே நடக்கின்றன.

இரு தரப்பும் சொல்வது உண்மை. நினைவின்றி அறிவு நடைபோடாது. நினைவுக்குரிய மதிப்போ மூலத்திடம் கடன் பெற்றது. ஆகவே மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த இடம்தரும் நினைவே நம்பத் தக்கது. மூலநிரல் திறக்கப்பட்டதன் சிறப்பும் இங்கேதான் விளங்கும். மூடிய நிரலின் நினைவைப் பயனர் அப்படியே நம்ப வேண்டியிருந்தது. திறந்த பின், எதை வைத்திருக்கிறது, எப்போது கைவிடுகிறது என்பதை எவரும் படித்துச் சோதிக்கலாம், குறை கண்டால் திருத்தலாம். ஒரு மொழியின் மையத்தில் இடம்பெறும் நினைவுக்கு இந்தத் தகுதி இன்றியமையாதது.

வேகத்துக்காக அந்த நேரச் சரிபார்ப்பை அறவே நிறுத்திவைக்கவும் ஓப்கேஷில் வழியுண்டு. அப்போது கோப்பைத் திருத்துபவரே கேஷையும் துடைக்க வேண்டும்; நினைவை மூலத்தோடு இணைத்துவைக்கும் கடமை கருவியிடமிருந்து மனிதரிடம் வந்துசேர்கிறது.