பவளப்பாறையும் உமர் (ரலி) அவர்களின் மேய்ச்சல் நிலமும்

 

சூரா அர்ரஹ்மானில் இரு கடல்களிலிருந்து வெளிப்படும் முத்தையும் பவளத்தையும் அல்லாஹ் தன் அருட்கொடைகளாகச் சொல்லிக் காட்டுகிறான். மன்னார் வளைகுடாவில், நம் கீழக்கரைக்கு எதிரே, முத்தும் இருந்தது, பவளப்பாறையும் இருந்தது. முத்துக்குளிப்பு நம் முன்னோர் காலத்தோடு போய்விட்டது. பாறை மிச்சமிருக்கிறது. (நகைக்கடையில் விற்கும் சிவப்புப் பவளம் வேறு வகை.)

அந்தப் பாறையை வெறும் கல் என்று நினைத்து வெட்டினார்கள். சுண்ணாம்புக்கு எரித்தார்கள், வீடு கட்டினார்கள். ஆனால் அது சின்னஞ்சிறு உயிர்கள் கட்டியது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆள் உயரப் பாறையைக் கடப்பாறையால் பெயர்க்க ஒரு பகல் போதும். அது மறுபடி வளர நம் பேரனின் பேரன் வரை காத்திருக்க வேண்டும். அங்கிருந்த 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இன்று தண்ணீருக்குள் கிடக்கின்றன.

1986-ல் அரசு இதைத் தேசியப் பூங்காவாக்கியது. தீவில் இறங்கக் கூடாது, பாறையைத் தொடக் கூடாது என்றார்கள். “கடல் அல்லாஹ்வுடையது, தடுக்க இவர்கள் யார்?” என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். பொது நன்மைக்காக ஒரு நிலத்தை ஒதுக்கிக் காப்பது மார்க்கத்தில் இல்லாதது அல்ல. அதற்கு ‘ஹிமா’ என்று பெயர்.

ஆனால் அந்த ஹிமாவை உமர் (ரலி) அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். ஹுனை என்பவரை அதற்குப் பொறுப்பாளராக நியமித்தபோது, அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனையை அஞ்சச் சொன்னார்கள். நாலு ஒட்டகமும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருப்பவரை உள்ளே விடச் சொன்னார்கள். உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகியோரின் கால்நடைகளை விட வேண்டாம் என்றார்கள். அவர்களின் கால்நடை செத்தால் பேரீச்சந்தோட்டம் இருக்கிறது, விளைநிலம் இருக்கிறது. ஏழையின் ஆடு செத்தால் அவர் பிள்ளைகளோடு என் வாசலுக்குத்தான் வருவார் என்றார்கள். புகாரியில் பதிவாகியிருக்கும் செய்தி இது. தடுக்கப்பட்டவர்கள் யார் என்று கவனியுங்கள்: சொர்க்கத்து நன்மாராயம் பெற்ற இரு ஸஹாபாக்கள்!

நம் கடலுக்கு வருவோம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தீவோரம் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைத்தான் வேலி முதலில் தடுத்தது. அவர்கள் கால்பட்டும் பவளம் ஒடியும், மறுக்கவில்லை. ஆனாலும் மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் பேசிக் கட்டுப்பாடு வைத்தவர்கள் அவர்கள். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-லேயே சட்டம் வந்துவிட்டது. அடியைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவைமடி அந்த எல்லையை மதிக்கிறதா? கடற்கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

விசைப்படகில் பங்கு வைத்திருப்பவர்கள் இந்த ஸஃப்புகளிலும் இருக்கிறீர்கள். ஹுனை இன்று கடலோரம் நின்றால் யாருடைய படகைத் திருப்பி அனுப்புவார்? தொழுகை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்துப் பாருங்கள்.