நந்தவனம் யாருக்கு உரியது?

ஆராதனைகளுள் எளியதும் இனியதும் புஷ்ப கைங்கர்யம். பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும், எம்பெருமானாரின் நியமனப்படி அனந்தாழ்வான் திருமலையிலும் நந்தவனம் அமைத்துத் தொண்டு புரிந்தமை அன்பர்கள் அறிந்ததே. அவ்வழியில் இல்லத்தின்கண் துளசியும் நந்தியாவட்டையும் வளர்ப்போர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. பெருமாளுக்கென வளர்த்த செடியைப் புழு தின்கிறது. அதனை நஞ்சிட்டுக் கொல்வது கைங்கர்யமா, அபசாரமா?

"மலரைக் காப்பது தோட்டம் வைத்தவன் கடமையன்றோ?" என்பர். உண்மையே. ஆயினும் சேதநாசேதநங்கள் யாவும் எம்பெருமானுக்குத் திருமேனி என்பது நம் ஸித்தாந்தம். செடி அவனுடையதாயின் புழுவும் அவனுடையதே. கட்டுச்சோற்றோடு வந்துவிட்ட எறும்புகளைத் திருவேங்கடத்தினின்று பிரிக்கலாகாதென்று அனந்தாழ்வான் மீண்டும் மலையேறி விட்டுவந்தார் என்பர் பெரியோர். மேலும், புழுவுக்கு இட்ட நஞ்சு தேனீயையும் கொல்லும். தேனீ குறைந்தால் காயும் விதையும் குறையும். இன்று கறிவேப்பிலையைத் தின்னும் புழுவே நாளைய வண்ணத்துப்பூச்சி. ஆதலின் புழுவைக் கையால் எடுத்து, அதே இனத்து வேறொரு செடியில் விடுதலே தக்கது. அதற்கென ஒரு செடி மிகுதியாக வைத்தால் போதும்.

இவ்வறம் நம் தாம்பரம் வட்டாரத்திற்கு இன்று மிக வேண்டுவது. 2015 டிசம்பர் 1ஆம் நாளையொட்டி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது, முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கியது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னைப் பகுதியில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2019 கோடையிலோ குடிநீர் ஏரிகள் வறண்டன. நீர் சூழ்ந்திருந்தமையால் திருமங்கையாழ்வார் ஆறு திங்கள் காத்திருந்து ஸேவித்த திருநீர்மலை நமக்கு அண்மையில் உள்ளது. ஆழ்வார் நீர் வடியும்வரை பொறுத்திருந்தார். நாமோ நீர் இறங்கும் மண்ணைச் சிமெண்டால் மூடிவிட்டு, மழையை நோகின்றோம்.

ஆகவே முற்றத்தில் ஒரு பகுதியேனும் மண்ணாகவே இருக்கட்டும். கூரைநீர் அங்கோர் பள்ளத்தில் இறங்கட்டும். இம்மண்ணின் வெயிலும் மழையும் பழகிய புன்னை, மகிழம், நாவல் ஆகியவற்றுள் இடத்திற்கேற்ற ஒன்றை நடுக. உதிர்ந்த இலைகளைக் கொளுத்தாது வேரடியில் பரப்பினால் ஈரம் காக்கும், மண்புழு வாழும். பறவைக்கு ஆழமில்லாத தட்டில் நீர் வைக்க. எல்லாப் பூவையும் பறித்துவிடாது, ஒரு பங்கினை வண்டுக்கும் தேனீக்கும் செடியிலேயே விடுக.

அதனால் திருமாலை சற்றே சிறிதாகலாம். அவன் உயிர்கள் உண்டு மிஞ்சிய மலரைச் சாத்துவதில் குறையொன்றும் இல்லை. உடையவனுக்கு அவனுடைமையைப் பேணித் தருவதே தொண்டு. நந்தவனம் அவனுடையது, நாம் அதற்குக் காவலர் மாத்திரமே.