மூன்றாம் நாள் முடிவு

நள்ளிரவில் ஐசியு-வுக்கு ஒரு நோயாளி வருகிறார். கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது, சிறுநீர் பிரியவில்லை. எந்தக் கிருமி என்று தெரியாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நேரத்தில் மெரோபெனம் போன்ற வீரியமான ஆன்டிபயாட்டிக்கை உடனே ஏற்றச் சொல்லும் மருத்துவரைக் குறை சொல்வது நியாயமே இல்லை. தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் செப்சிஸ் நிலையில், ரத்த அழுத்தமும் சரிந்த நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போக வேண்டும் என்றே சர்வதேச வழிகாட்டுதல்களும் சொல்கின்றன.

கேள்வி எழுவது மூன்றாம் நாளில். நோயாளி தேறிவருகிறார். ரிப்போர்ட்டில் ஈ. கோலை பாக்டீரியா, அதுவும் மெரோபெனம் அளவு வீரியமில்லாத செஃப்ட்ரியாக்சோனுக்கே கட்டுப்படும் வகை. மருந்தை மாற்றலாம் என்று நுண்ணுயிரியல் மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கிறார். ரவுண்ட்ஸ் வரும் மூத்த மருத்துவர் படித்துவிட்டு, "நல்லாத்தானே தேறிட்டு வர்றார், இப்ப எதுக்கு மாத்தணும்?" என்று ஷீட்டை மூடுகிறார். பக்கத்தில் நிற்கும் இளம் மருத்துவர்கள் வாய் திறப்பதில்லை. மெரோபெனம் தொடர்கிறது.

இதை அலட்சியம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் உறவினர்களுக்குப் பதில் சொல்லப்போகிறவர் அந்த மூத்த மருத்துவர்தான். ஆலோசனை எழுதியவரை யாரும் தேடிப்போக மாட்டார்கள். கண்முன் இருக்கும் உயிருக்கே முதல் கடமை என்று அவர் சொன்னால் அதுவும் சரி. ஆனால் அந்த உயிருக்கு எது நல்லது? தேவையில்லாத வீரிய மருந்து குடலின் நல்ல கிருமிகளை அழிக்கிறது. மருந்துக்கு மசியாத கிருமிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அடுத்த தொற்று வந்தால், சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் கொலிஸ்டினை அதே நோயாளிக்கே ஏற்ற வேண்டிவரலாம். அப்படிப் பார்த்தால், மாற்ற மறுத்ததில் பாதுகாக்கப்பட்டது நோயாளியின் நலனைவிட மருத்துவரின் மனநிம்மதிதான்.

அடுத்த படுக்கைக்காரரின் கதை இன்னும் கொடுமை. மருந்துக்கு மசியாத அந்தக் கிருமிகள் அவருக்கும் பரவினால், தனக்குத் தராத மருந்துக்கான விலையை அவர் கொடுக்கிறார். மெரோபெனத்தையே சிதைக்கும் என்டிஎம்-1 நொதி சென்னையில் சேகரித்த கிருமிகளில் இருப்பதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் அதே நகரில் கூடி, இத்தகைய கிருமிகளை எதிர்கொள்வதற்கான 'சென்னைப் பிரகடனம்' வகுத்தன. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆலோசனை தவறாகவும் இருக்கலாம். சீழ் வடியாமல் உள்ளே தங்கியிருப்பது ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் போகலாம். அதனால் மறுக்கும் உரிமை சிகிச்சை தருபவரிடம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் மறுப்பதற்கான காரணத்தை அவர் ஷீட்டில் எழுத வேண்டும். ஆலோசகரும் படுக்கை வரை வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் எழுதும்போது காரணத்தையும் குறிப்பிடும்படி மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. தொடர்வதற்கும் அதே விதி பொருந்த வேண்டும்.

உங்கள் வீட்டார் ஐசியு-வில் இருந்தால், மூன்றாம் நாள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "கல்ச்சர் ரிப்போர்ட் வந்துடுச்சா டாக்டர்? இதே மருந்து இன்னும் வேணுமா?"